பார்த்தீகளா?

வரலாற்றுப் பாடம் என்றாலே எனக்கு வேப்பங்காய். படித்த காலத்திலும் அப்படித்தான், பாடம் எடுத்த காலத்திலும் அப்படித்தான். எந்த ராஜா எந்த வருஷம் பட்டத்துக்கு வந்தான், எத்தனை குளம் வெட்டினான், எப்போது செத்தான். நாலு தடவை சத்தமாக வாசி, பார்க்காமல் சொல், உட்கார். என் சர்வீஸ் முழுக்க இப்படியே ஓட்டிவிட்டேன். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

சாத்தூர்ப் பக்கம், அச்சங்குளம் ரோட்டிலிருந்து பிரிந்து போகிற ஒரு ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. அதற்கு நான் தலைமையாசிரியை. பெயர் தங்கத்தாய், பிள்ளைகளுக்குப் பெரிய டீச்சர். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாங்கள் இரண்டே பேர். அந்த இன்னொரு ஆளாக 2008 ஜூனில் வந்து சேர்ந்தவர்தான் பாலகுரு. ஆனைக்குட்டத்துப் பையன். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துப் படிக்கவைத்த பிள்ளை. எங்கள் பக்கத்தில் பட்டாசுக் கம்பெனியோ தீப்பெட்டிக் கம்பெனியோ, எல்லாமே ஆபீஸ்தான்.

வந்ததும் வராததுமாக, "டீச்சர், அஞ்சாம் வகுப்புக்கு வரலாறு நான் எடுக்கவா?" என்று கேட்டார். விட்டது தொல்லை என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் பாடத்தைக் கேட்டீர்களானால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். எங்கள் பள்ளியில் மணி என்பது வேப்பமரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டு. அதைக் காட்டி, "இது எங்கன இருந்து வந்துச்சு?" என்று கேட்டார். வெள்ளைக்காரன் கொடுத்தது என்றது ஒன்று. எங்கள் தாத்தா ரயில்வேயில் இருந்து தூக்கிக்கொண்டு வந்தார் என்றது இன்னொன்று. அய்யனார் கொடுத்தது என்றான் ஒருவன். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினார். எழுதிவிட்டு ஒவ்வொரு பிள்ளையிடமும் அதே இரண்டு கேள்வியைக் கேட்டார்.

"யார் சொன்னா? அவுக பார்த்தாகளா?"

அவ்வளவுதான் பாடம். "இந்த ரெண்டு கேள்வியும் கேக்காம எதையும் நம்பிறாதீக. புஸ்தகத்துல இருந்தாலும் சரி, நானே சொன்னாலும் சரி" என்று வேறு சொல்லி வைத்தார். நன்றாக இருக்கிறது கூத்து! வாத்தியார் பேச்சை நம்பாதே என்று வாத்தியாரே சொல்லிக்கொடுத்தால் பள்ளிக்கூடம் உருப்படுமா?

ஊரில் அதன் பிறகு ஒருவர் நிம்மதியாக வாய் திறக்க முடியவில்லை. ஒரு அம்மா என்னிடம் வந்து மூக்கைச் சிந்தினாள். "டீச்சர், எங்க மாமியா தோட்டை எம் மச்சினிக்குக் குடுத்துருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னேன். 'நீ பார்த்தியாம்மா'ங்கான் எம் மகன். எங்க மாமியா பக்கத்துலயே நிக்குது!" நான் மட்டும் தப்பித்தேனா? ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக ஐந்தாம் வகுப்புத் தருண்குமாரின் காதைப் பிடித்தேன். "பார்த்தீகளா டீச்சர்?" என்றான் அந்தப் பயல். உடைத்தது அவன்தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் நான் பார்க்கவில்லையே! காதை விட்டுவிட்டேன்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயம் ஒன்று அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயிலில், ஊருக்குக் கிழக்கே இருந்த பட்டாசு ஆபீஸில் தீப்பிடித்து நாலு பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி, வேன் டிரைவர் தனுஷ்கோடியின் மனைவி பேச்சியம்மா. இன்னொருவர் சின்னச்சாமி. சின்னச்சாமிக்கு வாயில் எந்நேரமும் பீடி இருக்கும். அவர் வெடிமருந்து ரூம் பக்கம் நின்று பீடி பற்றவைத்தார், அதனால்தான் எல்லாம் போச்சு என்று ஊர் பேசியது. பேசியது என்ன, முடிவே கட்டிவிட்டது. சின்னச்சாமியின் மனைவி சின்னத்தாயும் அதே ஆபீஸில் வேலை பார்த்தவள்தான். தீக்குத் தப்பினாள், ஊர் வாய்க்குத் தப்பவில்லை. எந்த வேனில் ஏறினாலும் பக்கத்தில் உட்கார ஆளில்லை. வேலைக்குப் போவதையே விட்டுவிட்டு, வீட்டில் இருந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிப் பிழைத்தாள்.

பேச்சியம்மாவின் மகள் சினேகா. சின்னச்சாமியின் மகள் எழில். இரண்டும் ஐந்தாம் வகுப்பு.

சினேகா வாயாடி. எதிரில் யார் நின்றாலும் பேசுவாள். எழில் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி இந்தச் சுவர் ஓரம், ஒருத்தி அந்தச் சுவர் ஓரம். எழில் தொட்ட சாக்பீஸைக்கூடச் சினேகா தொட மாட்டாள். நான் ஒரு தடவை இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பார்த்தேன். மறுநாள் எழில் பள்ளிக்கே வரவில்லை. பிறகு அந்த வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பாலகுரு பிள்ளைகளைக்கொண்டு ஊர் வரலாறு எழுதவைத்தார். சிவகாசியில் அவர் சித்தப்பா அச்சாபீஸில் வேலை பார்த்தார். அங்கே கழித்துப் போட்ட காலண்டர் தாள்களைக் கட்டுக் கட்டாக வாங்கி வந்து, பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். முன்பக்கம் லட்சுமியும் முருகனும் மை கலங்கிப்போய் நிற்பார்கள். பின்பக்கம் எங்கள் ஊர் ஊருணி, முதல் பஸ், முதல் கரண்டு கம்பம். ஒவ்வொரு வரிக்கும் கீழே, சொன்னது யார், பார்த்தாரா இல்லையா என்று எழுத வேண்டும். எனக்கே கொஞ்சம் சுவாரசியம் தட்டியிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு நாள் சினேகா எழுந்தாள்.

"சார், பட்டாசு ஆபீஸ் தீப்பிடிச்சதையும் எழுதணும். எழிலோட அப்பா பீடி குடிச்சதால தீப்பிடிச்சு எங்க அம்மா செத்துப் போனாகன்னு எழுதணும்."

எங்கள் பள்ளி ஒரே ஹால். நடுவில் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியே நிறுத்திவிட்டேன்.

பாலகுரு அவளை அதட்டவில்லை. "எழுதுவோம் தாயி. நம்ம ஊர்ல நடந்ததுதானே. ஆனா எழுதுறதுக்கு முன்ன ரெண்டு கேள்வி இருக்குல்லா?"

"கேளுங்க சார்."

"யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருன்னு ஒரு ஆளு இருக்காராம்மா? அவரு வீடு எங்கன இருக்கு?"

யாரும் சிரிக்கவில்லை. சினேகா கொஞ்சம் யோசித்தாள். "எங்க அப்பா சொன்னாரு."

"அப்பா பார்த்தாரா?"

சினேகாவுக்குக் கோபம் வந்தது. கண் சிவந்துபோய், "கேட்டுட்டு வாரேன் சார். எல்லாரையும் கேட்டுட்டு வாரேன். அப்புறம் எழுதுவீகல்லா?" என்றாள்.

"எழுதுவேன்" என்றார் பாலகுரு.

இடைவேளை விட்டதும் அவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டேன். "ஏன்யா, உமக்குப் பைத்தியமா? வரலாறுன்னா செத்து ரொம்பக் காலம் ஆனவங்களைப் பத்திப் பேசுறது. மூணு வருஷத்துக்கு முன்ன செத்தவங்களைப் பத்திப் பேசினா அதுக்குப் பேரு வரலாறு இல்லை, வம்பு! ஊர்க்காரங்க வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிப்புடுவாங்க."

"நிறுத்தச் சொன்னா நிறுத்திடுறேன் டீச்சர்" என்றார். குரல் தணிந்துதான் இருந்தது. "ஆனா அந்தப் பிள்ளை மனசுல அது ஏற்கெனவே எழுதித்தான் இருக்கு. அது சரியா தப்பான்னு எனக்கும் தெரியாது. ஒருவேளை சரியாக்கூட இருக்கலாம்."

"சரியா இருந்தா? எழிலை நினைச்சுப் பார்த்தீரா?"

"எழில்கிட்டத்தான் முதல்ல கேட்டேன் டீச்சர். வேண்டாம்னா விட்டுருவோம்னு சொன்னேன். 'கேக்கட்டும் சார்'னு சொல்லிச்சு."

எழில் பேசியதா? "இந்த வாரத்தோட முடிச்சுக்கிடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, மணியடிக்க நேரம் ஆகாமலே போய் மணியடித்தேன்.

மறுநாள் காலை ஐந்தாம் வகுப்பின் சிமென்ட் தரையில் சினேகா சாக்பீஸால் 'சினேகா' என்று எழுதினாள். அதிலிருந்து ஒரு அம்புக்குறி போட்டு, 'அப்பா தனுஷ்கோடி' என்று எழுதினாள்.

"அப்பா பார்க்கலையாம் சார். காலையில ஆபீஸ்ல ஆளுகளை இறக்கிவிட்டுட்டு, வேனைச் சாத்தூருக்குச் சர்வீஸுக்குக் கொண்டுபோயிட்டாராம். டீக்கடைத் தங்கச்சாமி மாமாதான் சொன்னாராம்."

"சரி. அப்ப தங்கச்சாமி மாமாவைக் கேக்கணும்."

மாலையில் டீக்கடைக்குப் போனார்கள். ஒருத்தி போனால் விரட்டிவிடுவார்கள் என்று வகுப்பே கூடப் போனது. எழிலும் போனாள், எல்லோருக்கும் கடைசியில், பத்தடி தள்ளி. தங்கச்சாமி வடைச் சட்டியில் இருந்து நிமிர்ந்து, "அடியே, யாவாரம் நடக்குற நேரத்துல என்னட்டி விசாரணை?" என்று கத்தினாராம். கத்தினாலும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. இவர்களா விடுகிற ஆட்கள்? அவர் பார்க்கவில்லை. கடையை விட்டு நகரவே இல்லை. அந்த ஆபீஸின் போர்மேன் சங்கரலிங்கம் அன்று சாயங்காலம் டீ குடிக்க வந்தபோது சொன்னார். அதைத்தான் தான் மற்றவர்களிடம் சொன்னதாகச் சொன்னார்.

தரையில் இன்னொரு அம்பு. 'தங்கச்சாமி'. அதிலிருந்து இன்னொன்று. 'போர்மேன் சங்கரலிங்கம்'.

சங்கரலிங்கம் அப்போது வேறொரு ஆபீஸில் போர்மேன். ஊரில் பாதிப் பேருக்கு வேலை போட்டுக் கொடுப்பவர். "போதும், இத்தோட விடுங்க" என்றேன். சினேகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு ஆபீஸ்லயே இருந்தவரு டீச்சர். அவரு பார்த்திருப்பாரு" என்றாள். அவள் முகத்தில் ஒரு வெற்றிக் களை. எழில் தன் சுவரோரம் உட்கார்ந்து பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சங்கரலிங்கத்தைப் பார்க்கப் பாலகுருவும் கூடப் போனார். நானும் போனேன். ஏன் போனேன் என்றால், இந்த மனிதர் அங்கே போய் என்ன உளறிவைப்பாரோ என்ற பயம். சங்கரலிங்கம் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும், "என்ன டீச்சர், படையெடுத்து வந்திருக்கீக?" என்று சிரித்தார். சினேகா முன்னால் போய் நின்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"மாமா, எழிலோட அப்பா பீடி பத்த வச்சதை நீங்க பார்த்தீகளா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேலியைப் பார்த்தேன்.

"நான் எங்கன பார்த்தேன்? மேனேஜர் ரூம்ல லோடு கணக்குப் பேசிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடியாந்தேன்."

"அப்ப உங்களுக்கு யார் சொன்னா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்க அப்பன்தான்த்தா. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு."

மறுநாள் சினேகா பள்ளிக்கு வந்ததும் சாக்பீஸை எடுத்தாள். சங்கரலிங்கத்தின் பெயரிலிருந்து ஒரு அம்பு இழுத்தாள். புதுப் பெயர் எழுத இடம் தேட வேண்டிய அவசியம் இல்லை. அம்பு வளைந்து போய், முதல் நாள் அவளே எழுதிய 'அப்பா தனுஷ்கோடி'யில் முட்டி நின்றது.

அப்பா, டீக்கடை, போர்மேன், மறுபடி அப்பா. ஒரு வட்டம். அதற்கு வெளியே போக வழியில்லை. பார்த்தவர் என்று ஒருவர் பெயர்கூட அதில் இல்லை.

பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த என் மூன்றாம் வகுப்பும் எழுந்து போய் எட்டிப் பார்த்தது, நான் தடுக்கவில்லை. நானே தட்டியைத் தாண்டிப் போய் நின்றுகொண்டிருந்தேன். எத்தனை வருஷம் நானும் இந்தக் கதையைக் கேட்டு 'உச்' கொட்டியிருக்கிறேன்! பத்து வயதுப் பிள்ளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போய்த் தலையைக் காட்டிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு வரலாறு என்றால் என்னவென்று தெரிந்தது.

மதியம் தனுஷ்கோடி வந்துவிட்டார். பிள்ளை முதல் நாள் இராத்திரியும் சாப்பிடவில்லை, காலையிலும் சாப்பிடவில்லை. வேனை ரோட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தவர், "எவன்யா எம் பிள்ளையை இந்தப் பாடு படுத்துறது? தாயில்லாப் பிள்ளைன்னா உங்களுக்கு எளக்காரமா?" என்று பாலகுருவின் சட்டையைப் பிடிக்கப் போனார். நான் நடுவில் போய் நின்றேன். "கையை இறக்கும். பள்ளிக்கூடம் இது" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

சினேகா தரையைக் காட்டினாள். "அப்பா, இதைப் பாரு."

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஒவ்வொரு பெயராக வாசித்தார். அம்புக்குறி வழியே கண் போனது. தன் பெயரில் வந்து நின்றது.

"போர்மேன் மாமாகிட்ட நீதான் சொன்னியாம்ப்பா. நீதான் வேன் சர்வீஸுக்குப் போயிருந்தியே. நீ பார்த்தியா?"

"இல்லை தாயி."

"அப்புறம் ஏன்ப்பா சொன்ன?"

அவர் அந்தச் சாக்பீஸ் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் சொல்லலை தாயி. கேட்டேன். உங்க அம்மாவை வெள்ளைத் துணி போட்டு மூடி வச்சிருந்தாக. எனக்கு ஒண்ணும் ஓடலை. எவனாச்சும் பீடி கீடி பத்த வச்சானா, சின்னச்சாமிதான குடிப்பான், அவனா இருக்குமோன்னு கேட்டேன். எல்லார்கிட்டயும் கேட்டேன். யாராச்சும் ஒரு பதில் சொல்ல மாட்டாகளான்னு இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சு டீக்கடையில அதையே எனக்குச் சொன்னாக. நான் நம்பிட்டேன்."

அழுதார். அந்தப் பெரிய ஆள் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டு அழுதார். கேள்வியாகப் போனது ஊரைச் சுற்றிவிட்டு அவரிடமே பதிலாகத் திரும்பி வந்திருக்கிறது. மூன்று வருஷம் அதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் போனது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

பாலகுரு அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் குடித்து முடித்ததும், காலண்டர் தாள் ஒன்றை விரித்தார். "சினேகா, இப்ப எழுது. உனக்குத் தெரிஞ்சதை மட்டும்."

அவள் எழுதினாள். 'பட்டாசு ஆபீஸில் தீப்பிடித்தது. நாலு பேர் இறந்தார்கள். சின்னச்சாமி மாமா பீடி பற்ற வைத்ததை யாரும் பார்க்கவில்லை.' அங்கே நிறுத்தி, "தீ எப்படிப் பிடிச்சுச்சுன்னு எழுதணும்ல சார்?" என்று கேட்டாள்.

"நமக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அதையும் எழுது."

'தீ எப்படிப் பிடித்தது என்று தெரியாது' என்று எழுதினாள். 'தெரியாது' என்று எழுதவைத்த ஒரு வாத்தியாரை நான் அதுவரை பார்த்ததில்லை. என் வகுப்பில் அப்படி எழுதினால் முட்டை போட்டிருப்பேன்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு" என்றார் பாலகுரு. "நாம யாரைக் கேக்கலை?"

என் மூன்றாம் வகுப்பில் இருந்து ஒரு பொடிசு, "எழில் அக்காவோட அம்மாவை" என்றது.

அட ஆமாம். அன்று அந்த ஆபீஸின் உள்ளே இருந்தவள், அவர்கள் போய்க் கேட்ட அத்தனை பேரையும்விடத் தீக்குப் பக்கத்தில் இருந்தவள் சின்னத்தாய்தான். அவளிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

பள்ளி விட்டதும் போனோம். இந்தத் தடவை எழில் முன்னால் நடந்தாள். வழி காட்ட வேண்டுமே. சின்னத்தாய் வாசலில் உட்கார்ந்து குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பதறி எழுந்தாள். "என்ன டீச்சர், எம் மக எதும் தப்புப் பண்ணிட்டாளா?"

"ஒண்ணும் இல்லை, உட்காரு" என்றேன்.

சினேகா அவள் முன்னால் போய் நின்றாள். அந்த வீட்டு வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அத்தை, அன்னிக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சு? உங்களை நாங்க கேக்கவே இல்லை."

சின்னத்தாய் பசை ஒட்டிய கையைச் சேலையில் துடைத்தாள். "என்கிட்டயா கேக்க?"

"ஆமா அத்தை."

அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்து கவிழ்த்தாள். ஒரு ஜோடி செருப்பு, ஒரு பீடிக்கட்டு, ஒரு தீப்பெட்டி. பீடிக்கட்டு பிரித்திருந்தது, பாதிதான் காலி. "வாட்ச்மேன் பெத்தணன் அண்ணன் கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு. வேற எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சினேகாவுக்கு விளங்கிவிட்டது. என் பக்கம் திரும்பி, "டீச்சர், உள்ள போகும்போது பீடி, தீப்பெட்டி, செருப்பு, கொண்டை ஊசி எல்லாத்தையும் ஆளாளுக்கு ஒரு பையில போட்டு, ஆபீஸ் வாசல் கேட்டுல ஆணியில மாட்டிட்டுத்தான் போகணும். எங்க அம்மா கொலுசும் ஊசியும் அப்படித்தான் பையில வந்துச்சு. பெத்தணன் தாத்தாதான் குடுத்தாரு" என்றாள். சொல்லிக்கொண்டே பீடிக்கட்டைக் கையில் எடுத்தாள். "அப்ப மாமா பீடி கேட்டுலதான் இருந்திருக்கு."

தருண்குமார் சும்மா இருப்பானா? "இன்னொரு கட்டு மடியில வச்சிருந்திருந்தா?" என்றான். அவன் முதுகில் ஒன்று வைக்க என் கை போனது.

சின்னத்தாய் அவனைப் பார்த்தாள். "இருந்திருக்கலாம்யா. இல்லைன்னு நான் எப்படிச் சத்தியம் பண்ண? நான் லேபிள் வாங்க முன்பக்கம் போயிருந்தேன். நான் பார்க்கலை."

புருஷன் பெயரைக் காப்பாற்ற ஒரே ஒரு பொய் போதும். அவள் சொல்லவில்லை. பாலகுரு கும்பிடாத குறையாக அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவுக சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க. நாளைக்குப் பெத்தணன் ஐயாவையும் போய்க் கேப்போம்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு அம்புட்டு மரியாதை வந்தது. இப்படி ஒரு வாத்தியார் என் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்று யாரிடமாவது உடனே போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

கிளம்பலாம் என்று திரும்பினோம். சினேகா நகரவில்லை. எழிலுக்குப் பக்கத்தில், தோள் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அத்தை, அன்னிக்கு எங்க அம்மாவைப் பார்த்தீகளா?"

"பார்த்தேன் தாயி."

சினேகா சட்டென்று நிமிர்ந்தாள். அத்தனை பேரைக் கேட்டதில் பார்த்தேன் என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"வேன்ல எம் பக்கத்துலதான் உக்காந்து வந்தா. முந்தின நாள் உனக்கு முன்பல்லு விழுந்துச்சாம்ல? கூரை மேல எறிடின்னா எறிய மாட்டேன்னு, கையில மூடி வச்சுக்கிட்டே தூங்கிட்டியாம். விரலைப் பிரிச்சா உறக்கத்துலயும் அழுதியாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா, ஆபீஸ் கேட்டு வாரவரைக்கும் சிரிச்சா. உன்னைக் கூப்பிட்டு இதைச் சொல்லணும்னு எனக்கு எம்புட்டு நாளா இருந்துச்சு தெரியுமா? உங்க வீட்டு வாசல்ல நான் எப்படி வந்து நிக்க?"

பசைத் தட்டையும் காகிதத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சினேகா அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்புறம் என்ன சொன்னாக அத்தை?" என்று கேட்டாள்.